அசையாத முள்

காரைக்காலிலேயே பெரிய ஒர்க்‌ஷாப் தன்னுடையதுதான் என்று கோவிந்தராசு தானே சொல்லிக்கொள்வார். கார் நின்ற இடத்திலேயே ஓட, எஞ்சினின் பலத்தை முள் காட்டும் உருளை மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். பிரெஞ்சு பென்ஷன்காரர் அல்பேர் பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காரை மலிவாக அமுக்க அந்த முள்ளைத்தான் நம்பியிருந்தார். முள் சரியாக ஏறாவிட்டால் பாதி விலை என்று பேச்சு.

"பின் சக்கரத்தையா உருளையில ஏத்துறீங்க?" என்றார் அல்பேர்.

"பின்ன, ஸ்டியரிங்கையா ஏத்துவாங்க? எத்தனை அம்பாசடரைப் பாத்திருக்கேன்! நீங்க பென்ஷன் வாங்குறதோட நிறுத்திக்குங்க, முசியே."

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். காரின் பின்பக்கத்தைச் சங்கிலியால் கொட்டகைத் தூணோடு இறுக்கிக் கட்டினார்.

"இனி யானை வந்து இழுத்தாலும் நகராது. உக்காந்து மிதிங்க."

அல்பேர் மிதித்தார். எஞ்சின் உறுமியது. ஆனால் உருளை சுற்றவில்லை, முள்ளும் அசையவில்லை. கோவிந்தராசுவுக்கு வாயெல்லாம் பல்.

"பூஜ்யம்! உங்க எஞ்சின்ல உசுரே இல்லீங்க. இன்னும் நல்லாத்தான் மிதிங்களேன், பாப்போம்!"

அல்பேர் நன்றாகவே மிதித்தார். 'மடார்' என்றது. தலைக்கு மேல் தகரம் சரிந்து தொங்கியது. கோவிந்தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுத்தபோது கார் தெருவில் நின்றது. அதன் பின்னால், சங்கிலி முனையில், கொட்டகைத் தூண் கிடந்தது.

அல்பேர் நிதானமாகக் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"கட்டுன கட்டு அவுரவே இல்லீங்க, பிரமாதம். இந்த வண்டிய இழுக்குறது முன் சக்கரம். அதத்தான் அப்பவே கேட்டேன். ஆமா, பாதி விலைன்னீங்களே... தூணோட சேத்தா, இல்ல தூண் தனியா?"