பவர் பட்டன்

குத்தாலத்து வீட்டுக் கூடத்தில், பக்கமூடி கழற்றிய கம்ப்யூட்டர் முன் குந்தவை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டியது. ஆயுத பூஜையிலிருந்து ஒருநாள் கிளம்புகிறது, ஒருநாள் செத்த மாதிரி கிடக்கிறது. பதினொரு மணிக்கு இதில்தான் ஆன்லைன் இன்டர்வியூ. இப்போது பத்தே முக்கால். ஜன்னல் வெயிலில் கம்ப்யூட்டர் விசிறி இறக்கையின் தூசி மினுங்குகிறது. வயலில் டிராக்டர் சேறடிக்கும் சத்தம் நெருங்கி வந்து, திரும்பிப் போகிறது. ராம் மெமரியைக் கழற்றி மாட்டியாயிற்று. பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியாக, பட்டனிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொடுகிறாள். விசிறி சுழல்கிறது. அணைத்துவிட்டு மறுபடி தொட்டாலும் சுழல்கிறது. அப்படியானால் கோளாறு பட்டனில்தான். குனிந்து பார்க்கிறாள். பட்டனைச் சுற்றிய இடுக்கில் சந்தனம் காய்ந்து, கெட்டியாக அப்பியிருக்கிறது.

"பூஜைக்கு வச்ச பொட்டாப்பா இது?"

"அன்னிக்கு ஒண்ணு வச்சேம்மா. அப்புறம் அது கிளம்பாத அன்னிக்கெல்லாம் ஒண்ணு வச்சேன்" என்கிறார் அப்பா வைத்தியலிங்கம். இப்போதும் அவர் கையில் சந்தனக் கிண்ணம். விரல் நுனி ஈரமாக இருக்கிறது. குந்தவை பட்டனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தன் நெற்றியை அவர் பக்கம் நீட்டுகிறாள்.