பிடுங்கிய கொடிகள்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் நட்ட துணிக்கொடிகளைத் தேடி ஓடும் போட்டி அது. ஆண்டுதோறும் எங்கள் சிறிய சங்கம் நடத்துகிறது. கோப்பை என் தகப்பனார் பெயரில். வரைபடம் நான் வரைந்தது. ஓடியவர்கள் எல்லோரும் திரும்பும்வரை ஒரு கொடியையும் பிடுங்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது என் மகன் முகுந்தன் மட்டும் வந்து சேரவில்லை.

"ஐயா, தேடிப் போயிரலாமா?" என்று சங்கத்துத் தில்லைநாயகி கேட்டாள்.

"அப்பா போட்ட மேப்புலயே புள்ள தொலைஞ்சா, நாங்கல்லாம் எதை நம்பி ஓடுறது?" என்றான் ஓடி முடித்திருந்த பெலிக்ஸ். பரிசளிப்புக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் வழி தெரியாமல் நின்றதில்லை.

"அவன் எப்பவோ முடிச்சிட்டான். வீட்டுல ஒரு காரியம், நான்தான் அனுப்பி வெச்சேன். கொடியெல்லாம் பிடுங்குங்க," என்றேன்.

பிடுங்கிய கொடிகளை மார்போடு அணைத்தபடி தில்லைநாயகி திரும்பி வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஐயா, ஓடைப் பக்கம் விசில் சத்தம் கேக்குது. நாம குடுத்த விசிலுங்க. ஆபத்துன்னா ஊதச் சொல்லிக் குடுத்தோமே, அது."

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். காற்று அடங்கியபோது எனக்கும் கேட்டது. விட்டு விட்டு வந்தது.

"ஏதோ பறவை," என்றேன். வென்றவன் பெயரை உரக்க அறிவித்தேன். கூட்டம் தயங்கித் தயங்கிக் கைதட்டியது. இன்னும் பலமாகத் தட்டச் சொன்னேன்.