காணாமல் போன ஈரல் வறுவல்

"மலப் பரிசோதனையில ஈரல் புழுவோட முட்டை தெரியுது" என்றார் கிள்ளான் கிளினிக் டாக்டர் மாதவி.

எதிரே உட்கார்ந்திருந்த திருச்செல்வத்துக்கும் மனைவி தனலெட்சுமிக்கும் முகம் வெளுத்துப் போனது.

"பயப்பட வேணாம் லா. இந்தப் புழு நோய் நிஜமா வந்திருந்தா முட்டை உங்க ஈரலுக்குள்ளயே தங்கிடும், வெளிய வராது. இது புழு இருந்த மிருகத்தோட ஈரலைத் தின்னதால வந்தது. தானாப் போயிடும். காட்டுப்பன்னி ஈரல் ஏதும் சாப்பிட்டீங்களா?"

"பெருமாளே! புரட்டாசி மாசம், டாக்டர். எங்க வீட்டுக்குள்ள கோழி முட்டைகூட நுழையாது!" என்று பொங்கினாள் தனலெட்சுமி.

திருச்செல்வத்துக்கு வியர்த்தது. டெங்கில் ஊர் நண்பன் கொடுத்த காட்டுப்பன்றி ஈரல் வறுவலைச் சனிக்கிழமை அடுப்படி மேல்தட்டில் ஒளித்து வைத்தவரே அவர்தான்.

டாக்டர் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார்.

"ஆனா இதுல உங்க பேருதானே இருக்கு, ஆன்டி?"

தனலெட்சுமி தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள்.

திருச்செல்வத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அடிப்பாவி! பொட்டலத்தைக் காணோம்னு நாலு நாளா நம்ம பூனையைப் போட்டுத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

மின்விசிறியை விட்டுத் தனலெட்சுமியின் பார்வை மெல்லக் கணவன் பக்கம் இறங்கியது.

"ஓஹோ... அப்போ அதைக் கொண்டாந்து வச்சது நீங்கதானா?"