நாற்பத்தைந்து சுற்று

பத்தே நிமிஷத்தில் நாற்பது இசைத்தட்டுக்குத் தீர்ப்பு சொல்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். செத்துப்போன அப்பா சேர்த்த தட்டுகளில் அத்தானுக்குப் பிடித்தது தங்கும், மற்றதெல்லாம் குப்பை வண்டிக்கு. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் பாட வேண்டிய பெரிய தட்டுகள் நாற்பத்தைந்தில் ஓடுகின்றன. ஜன்னல் வெயில் அவற்றின் மேல் வழுக்குகிறது. "பெரிய பாடகனாம்! வாலை மிதிச்ச எலி மாதிரி கத்துறான். இந்த வயலினுக்கு என்ன, பஸ் போயிடுமா? உங்கப்பாவுக்குக் காதே இல்லடி." அக்கா தூசித் துணியை மடித்து மடித்துப் பிரிக்கிறாள். "அத்தான், வேகம் ஜாஸ்தி," என்கிறேன். "வேகமாத்தான் கேக்கணும் மாப்ள, எனக்கு வேற வேலையில்லையா?" கடைசியாக ஒரு சின்னத் தட்டு, அதற்கு மட்டும் நாற்பத்தைந்து சரி. "இதான்டி பாட்டு!"

மறுநாள் காலை குப்பை வண்டி மற்ற தட்டுகள் இருந்த பெட்டியை எடுத்துப் போனது. வீட்டில் தங்கியது அந்தச் சின்னத் தட்டு, ஒரு சோப்பு விளம்பரம்.