காணாமல் போனவனின் பங்கு
வக்கீல் அறை ஜன்னலில் சாய்ந்து விழும் வெயில், மேசைமேல் இருக்கும் மனுவில் கிடக்கிறது. வீட்டை விற்க அம்மாவும் மகளும் தயார். காணாமல் போன மகனின் பங்குதான் குறுக்கே நிற்கிறது. "ஏழு வருஷமா தகவலே இல்லாதவரை இறந்தவராத்தாம்மா சட்டம் எடுத்துக்கும். இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கோர்ட்ல உத்தரவு வாங்கிடலாம்," என்று பேனாவைக் கொடுக்கிறார் வக்கீல், குரலைத் தாழ்த்தி. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள், மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. "சட்டம் எடுத்துக்கட்டும் சார். பெத்தவ நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. தன் பங்கில் ஒரு தையல் கடை வைக்கலாம் என்று நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்ட மகள், அம்மாவின் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல எடுத்து மூடுகிறாள். "வாங்கறவங்களை வேற வீடு பாத்துக்கச் சொல்லிடுங்க சார்," என்கிறாள்.