கொடியில் காய்ந்த சட்டை

அவள் உட்காரவில்லை.

"உட்காருங்கக்கா, ஜெயிச்சாச்சு" என்று முந்தானையை இழுத்தாள் வக்கீல். இலவச சட்ட உதவியில் கிடைத்த சின்னப் பெண்.

ஜெயித்தது உண்மைதான். அவளுக்கு விதவை உதவித்தொகை மறுத்தது தவறு என்று நீதிபதி சொல்லிவிட்டார். இனி வாயைத் திறந்தால் கெடுவதற்குத்தான் வழி.

மறுத்ததற்குக் காரணம் ஒரு சட்டை.

கொடியில் ஆண் சட்டை காய்கிறது. ஆகவே மனுதாரர் ஆதரவற்றவர் அல்லர். விசாரிக்க வந்த வருவாய் ஆய்வாளர் அப்படி எழுதியிருந்தார். அந்தத் துப்பறியும் திறமைக்காகவோ என்னவோ, இப்போது அவர் தாசில்தார்.

எதிரே நின்றுகொண்டிருந்தார். புது சஃபாரி. மடிப்பு கலையவில்லை.

தோற்றது அரசாங்கம். அவர் இல்லை.

சட்டை யாருடையது என்று நீதிபதி கேட்டபோது உள்ளதைச் சொல்லியிருந்தாள். சந்தையில், குவியலில் எடுத்தது. தனியாக இருக்கும் பெண்கள் அந்தத் தெருவில் செய்வதுதான். உள்ளே ஓர் ஆண் இருக்கிறான் என்று போகிறவன் வருகிறவன் நினைக்க வேண்டும்.

செத்துப்போன புருஷன் ஒல்லி. அவன் சட்டைக்கு எவன் பயப்படுவான்?

பெரிய சைஸாகப் பார்த்து எடுத்தாள். யாரும் போடாத சட்டையை நனைத்து நனைத்துக் காயப்போட்டாள்.

நீதிபதி சிரித்தார். உடனே கோர்ட்டும் சிரித்தது. தாசில்தாரும் சிரித்தார், பதவிக்குத் தக்கபடி.

அதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பு விடவில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, கடமையில் நான் குறை வைத்ததில்லை. இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் எழுதினேன்" என்றார்.

அப்போதுதான் அவள் எழுந்தாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னும் என்னம்மா?"

"சார் ரெண்டு தடவ வந்தது நெசந்தாங்கய்யா."

தாசில்தார் தலையாட்டினார். சாட்சி கிடைத்துவிட்ட திருப்தி.

"மொத தடவ வந்தப்ப கொடியில சட்டை இல்லீங்கய்யா. அதுவரைக்கும் எனக்கு அது தேவைப்படல. பொழுது சாஞ்சு வந்தாரு. கதவச் சாத்திட்டு விசாரிக்கணும்னாரு. கூப்பாடு போட்டு வெளிய அனுப்பினேன். விடிஞ்சதும் நேரா சந்தைக்குப் போனேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

முந்தானையைப் பிடித்திருந்த வக்கீல் பெண்ணின் விரல்கள் தாமாகவே விட்டன.

நீதிபதி பேனாவைத் திறந்தார். முதல் தடவை போனது எந்தத் தேதி, கூட யார் வந்தார்கள் என்று கேட்டார். அவளை இல்லை.

தாசில்தார் பதிலுக்காக அரசு வக்கீல் பக்கம் திரும்பினார்.

அவர் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.