போகும்போதே நட்சத்திரம்

மகளின் பிரசவத்துக்காக டொராண்டோ போய் ஆறு மாதம் தங்குவதாகப் பழனிவேலும் தெய்வானையும் முடிவு செய்திருந்தார்கள். வழியில் ஒரு தீவில் இரண்டு நாள் இறங்கி, அங்குள்ள மலைமேல் நட்சத்திரம் பார்க்கவும் ஆசை. பயண ஏற்பாட்டை வீட்டிலிருந்த 'வழித்துணை' என்ற பேசும் இயந்திரம் கவனித்துக்கொண்டது.

"தீவைத் திரும்பி வர்றப்ப வெச்சுக்கலாம். பேரப்புள்ளையப் பார்த்த நிம்மதியோட போலாம்" என்றார் பழனிவேல். எத்தனை தடவை சொன்னாலும் வழித்துணை அதைப் போகும் பயணத்திலேயே சேர்த்தது.

"ஏன் இப்படிப் பண்றே?"

"காரணத்தை அம்மாதான் சொல்லணும், ஐயா."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த தெய்வானை கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கண்ணு மங்கிட்டே வருதுங்க. திரும்பி வர்றப்ப நட்சத்திரமெல்லாம் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. நீங்க கலங்கிப்போவீங்கன்னு வழித்துணைகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

பழனிவேலுக்குத் தன்னிடம் மறைத்துவிட்டாளே என்று கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இன்னும் நேரம் இருக்கிறதே என்ற நினைப்பில் நெஞ்சு நிறைந்துபோனது. அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கலை" என்றார் வழித்துணையிடம். "அந்த மலைக்கு நாலு ராத்திரி போடுப்பா. மேகம் வந்து மறைச்சாலும், ஒரு ராத்திரியாவது எங்களுக்குக் கெடைக்கும்."